பிஸ்டன் பிடித்த பழைய 070 செயின்சா: காரணம் தேடிய வேலைக்குறிப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, களியல் பக்கம் முதிர்ந்த ரப்பர் தோட்டத்தை வெட்டும்போது எழும் அந்தக் கனத்த, தாழ்ந்த எஞ்சின் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. ஸ்டில் 070, 106 சிசி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 58 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 40 மிமீ. 1959-ல் வந்த ஸ்டில்லின் கான்ட்ரா மெஷினின் வழியில் பிறந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது, கார்பரேட்டர் தானாகத் திருத்திக்கொள்ளாது. நாம் ஊற்றும் பெட்ரோலையும் நாம் திருகிவைத்த ஸ்குரூவையும் நம்பித்தான் ஓடும். முறையாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடம் உழைக்கும். ஒரே ஒரு நாள் தப்பான கலவையில் அரைமணி நேரம் ஓடினால் பிஸ்டன் போய்விடும்.

இந்தக் குறிப்பு அப்படி பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துப்போன ஒரு 070-ஐத் திரும்ப ஓடவைத்த வேலை பற்றியது. பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவது இதில் சின்ன வேலை. ஏன் பிடித்தது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. காரணத்தை விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டால் பத்து டேங்க் ஓடுவதற்குள் அதே மெஷின் அதே கோடுகளோடு திரும்பி வரும்.

மெஷினோடு வந்த புகார் எல்லோரும் சொல்வதுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு அண்ணே, சூடானா நின்னுபோவுது, ஆறினா ஸ்டார்ட் ஆவுது." இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. சூட்டில் அலுமினிய பிஸ்டன் விரிகிறது, மேலே ஏற்கெனவே கீறல் விழுந்திருக்கிறது, ரிங் பள்ளத்தில் ஒட்டியிருக்கிறது. ஆறினால் சுருங்கி வழிவிடுகிறது. இந்த நிலையில் திரும்பத் திரும்பக் கயிறு இழுத்து ஓட்டுவதுதான் சிலிண்டரையும் சேர்த்துக் கெடுக்கிறது. சூட்டில் ஒருமுறை நின்றாலே அன்றைய வேலையை அதோடு நிறுத்திவிட வேண்டும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிறு இழுத்ததில் 90 பிஎஸ்ஐ. 120-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 100-க்குக் கீழே வந்தால் மெஷின் ஸ்டார்ட் ஆகவே சண்டை பிடிக்கும்.

முதலில் சைலன்சர்

சிலிண்டரைக் கழற்றும் முன் சைலன்சரைக் கழற்றுங்கள். எக்சாஸ்ட் வாய் (புகை வெளியேறும் வழி) வழியே டார்ச் அடித்து, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் மெஷினின் கதை முழுவதும் அங்கே எழுதியிருக்கும். எக்சாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தாகக் கோடுகள் இருந்து இன்டேக் பக்கம் (கலவை உள்ளே வரும் பக்கம்) சுத்தமாக இருந்தால் அது சூடு. கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்து லீன் ஆகியிருக்கிறது, அல்லது ஆயில் போதவில்லை. இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்து, பாவாடைப் பகுதி (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) மெலிந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூசு போயிருக்கிறது. நாலு மூலையிலும் சமமாகக் கீறல் இருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு முழு வேகத்தில் மரத்தில் வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் சீக்கிரம் விரிந்தது, சிலிண்டருக்கு விரிய நேரம் கிடைக்கவில்லை.

இந்த மெஷினில் எக்சாஸ்ட் பக்கம் விரல் அகலத்துக்குக் கோடு. மேல் ரிங் ஒரு பக்கம் பள்ளத்துக்குள் நசுங்கி ஒட்டிக்கிடந்தது. இன்டேக் பக்கம் கண்ணாடி மாதிரி. ஆகத் தூசு இல்லை, சூடுதான். பெட்ரோல் கலவையில் இருந்து கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) சீல் வரை எதுவும் காரணமாக இருக்கலாம்.

சிலிண்டரைத் தூக்கியதும் உள்சுவரில் சாம்பல் நிறத்தில் தடித்த கோடுகள். பார்த்ததும் சிலிண்டர் போச்சு என்று பலரும் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சிலிண்டரில் விழுந்த கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். அதை மட்டும் கரைத்து எடுத்தால் அடியில் பூச்சு முழுசாக இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது நம்மூர்ப் பழக்கம். நிக்கசில் (நிக்கல் கலந்த கடினப்) பூச்சு உள்ள பிற்கால சிலிண்டர்கள் அதைத் தாங்கும். பழைய சிலிண்டர்களில் பலவும் ஹார்ட் குரோம் பூச்சு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தோடு குரோமையும் தின்றுவிடும். எந்தப் பூச்சு என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஆசிட் பக்கமே போக வேண்டாம், காஸ்டிக் சோடா போதும். அது அலுமினியத்தைக் கரைக்கும், குரோமைத் தொடாது.

100 மிலி தண்ணீரில் 10 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். திறந்த வெளியில் செய்யுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும். காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துக் கோட்டின் மேல் மட்டும் தடவினால் உடனே பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், பஞ்சு கறுக்கும். துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். குமிழி நின்றுவிட்டால் அலுமினியம் தீர்ந்தது என்று பொருள். அதோடு நிறுத்திவிட வேண்டும். போர்ட் வாய்களின் விளிம்பில் பூச்சு இல்லாத அலுமினியம் வெளியே தெரியும், அங்கே ஒரு துளி பட்டாலும் அரிக்கும். ஆகவே ஊற்றாதீர்கள், குச்சியால் மட்டும். பிறகு நிறையத் தண்ணீர், கொஞ்சம் வினிகர், மறுபடி தண்ணீர், காயவைத்து உடனே ஒரு பூச்சு 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயில். இந்த சிலிண்டரில் ஐந்து முறை தடவியதில் கோடுகள் போய்விட்டன. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஆயிலில் நனைத்து, விரலால் குறுக்கு மறுக்காக லேசாகத் தேய்த்ததோடு சிலிண்டர் வேலை முடிந்தது. நகம் தட்டினால், அல்லது பூச்சு உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால், அந்த சிலிண்டரைக் காப்பாற்ற முடியாது.

பிஸ்டன் புதிது. புது ரிங்கை முதலில் பிஸ்டனில் மாட்டாமல் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராக ஒரு அங்குலம் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். இந்த அளவு போருக்கு 0.2 முதல் 0.4 மிமீ நல்லது. 0.8 தாண்டினால் கம்ப்ரஷன் நிற்காது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம். ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள சின்ன முளையின் மேல் உட்கார வேண்டும். பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப்பைப் பழசைப் போடாதீர்கள். அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே பார்க்கட்டும். பக்கவாட்டில் இருந்தால் பிஸ்டன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கிளிப் சுருங்கி, ஒருநாள் கழன்று சிலிண்டரைக் கிழிக்கும்.

காற்று எங்கே புகுந்தது

கார்பரேட்டர் அளந்து தரும் பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே வருகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேறு ஆயில் வழி இல்லை. எங்கோ ஒரு விரிசலில் கூடுதல் காற்று புகுந்தால், அல்லது பெட்ரோல் குறைந்தால், சூடு ஏறுகிறது, அதே நேரத்தில் ஆயிலும் குறைகிறது. இரண்டு அடியும் ஒரே இடத்தில், எக்சாஸ்ட் பக்கத்து பிஸ்டன் சுவரில் விழுகிறது.

அதனால் பிஸ்டனும் சிலிண்டரும் மாட்டிய உடனே, கார்பரேட்டரும் சைலன்சரும் மாட்டுவதற்கு முன், பிரஷர் டெஸ்ட். சைலன்சர் இருக்கும் இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து, மேலே ஒரு தகடு வைத்து முறுக்குங்கள். இன்டேக் பக்கம் நடுவில் நிப்பிள் பற்றவைத்த தகடு. பிளக் மாட்டியிருக்கட்டும். பிஸ்டனை மேலே நிறுத்தினால் இன்டேக் வாய் கிராங்க்கேஸுக்குத் திறந்திருக்கும். கேஜோடு வரும் பம்ப் இல்லாவிட்டால் பழைய பிபி கருவியின் பல்பும் டயலும் போதும். 300 மிமீ பாதரசம் என்பது 0.4 பார். அந்த அளவுக்கு ஏற்றி இருபது விநாடி பாருங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி என்று தேடுங்கள்.

இந்த மெஷின் பிரஷரில் அசையாமல் நின்றது. பலரும் இங்கேயே திருப்திப்பட்டு மூடிவிடுவார்கள். ஆனால் கிராங்க் ஆயில் சீலின் உதடு உள்ளே இருந்து அழுத்தினால் ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே இருந்து இழுத்தால் விலகும். ஓடும் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கவும் செய்கிறது. அதனால் வேக்யூம் டெஸ்ட் இல்லாமல் வேலை பாதிதான். பிரேக் ப்ளீட் செய்யும் கை வேக்யூம் பம்பால் 0.5 பார் இழுத்து வைக்க வேண்டும். இருபது விநாடியில் 0.3-க்குக் கீழே நழுவக் கூடாது. இங்கே ஆறு எண்ணுவதற்குள் முள் பூஜ்யத்துக்கு வந்தது. ஃப்ளைவீலைக் கழற்றி, அந்தப் பக்கத்து சீலைச் சுற்றி ஒரு சொட்டு ஆயில் விட்டு மறுபடி இழுத்தால், சொட்டு உள்ளே உறிஞ்சப்பட்டுப் போவது கண்ணுக்கே தெரிந்தது. சீலின் ரப்பர் உதட்டை நகத்தால் வளைத்தால் ப்ளாஸ்டிக் மாதிரி விறைப்பு.

சீல் வாங்கும்போது பழைய சீலின் முகத்தில் அச்சிட்ட மூன்று எண்களைப் பாருங்கள்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பேரிங் கடையில் அதே அளவு கிடைக்கும். வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர்) என்று கேட்டு வாங்குங்கள், பழுப்பு நிறத்தில் இருக்கும். சாதாரணக் கறுப்பு நைட்ரைல் சீல் இன்றைய பெட்ரோலையும் அந்தச் சூட்டையும் அதிக நாள் தாங்காது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று விறைத்திருந்தால் மற்றதும் அதே வயசு.

கார்பரேட்டரைத் திறந்ததில் இரண்டாவது காரணமும் கிடைத்தது. பெட்ரோலை அளந்துவிடும் மெல்லிய சவ்வான மீட்டரிங் டயஃப்ரம் துணிபோலத் தொங்க வேண்டும். இது காய்ந்த பலாச்சருகு மாதிரி சலசலத்தது. விறைத்த டயஃப்ரம் ஊசியைப் போதுமான அளவு அழுத்தாது, பெட்ரோல் குறையும். டில்லட்சன் கார்பரேட்டருக்கான கிட் ஒன்றில் டயஃப்ரம், ஊசி, ஸ்பிரிங், கேஸ்கெட் எல்லாம் வரும். எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஊசியைத் தூக்கும் லீவர் அறையின் தரையோடு சமமாக இருக்கட்டும். டேங்க்கிலிருந்து வரும் ட்யூபை வளைத்துப் பார்த்தால், டேங்க் சுவரைக் கடக்கும் இடத்தில் முடி அளவு வெடிப்பு. அதையும் மாற்றியாயிற்று. டேங்க் மூடியின் காற்றுத் துளையை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் மெஷின் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு பெட்ரோல் கிடைக்காமல் ஏங்கும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும்.

இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.4 மிமீ, பிளக் இடைவெளி 0.5 மிமீ. ஃப்ளைவீல் கீ வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இந்த மெஷினில் இக்னிஷனில் குறை இல்லை.

பெட்ரோல்

இனி வருவதுதான் பழைய மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் அவசியமான பகுதி. இந்த 070 வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இந்தியாவில் 2022 ஜூனில் கலப்பு சராசரி 10 சதவீதத்தைத் தொட்டது. 20 சதவீதம் கலந்த இ20 2023 பிப்ரவரியில் வரத் தொடங்கி, 2025-ல் நாடு முழுவதும் சாதாரணமாகிவிட்டது. களியக்காவிளையில் இந்தப் பக்கம் பிடித்தாலும் பாறசாலைப் பக்கம் பிடித்தாலும் அதேதான்.

எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் எரிய அதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்த பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9. இ20-க்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 13.5. பழைய பெட்ரோலுக்குத் திருகிவைத்த கார்பரேட்டரில் ஒரு ஸ்குரூவையும் தொடாமல் இ20 ஊற்றினால் கலவை 8 சதவீதம் அளவுக்கு மெலிந்துவிடும். மெஷினில் எந்தக் குறையும் இல்லாமலே லீன் ஆகிறது. கொஞ்ச நேரம் முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடும், அந்தச் சுறுசுறுப்பை நம்பக் கூடாது.

உங்கள் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆயில் கலப்பதற்கு முன், 100 மிலி அளவுக் குழாயில் 10 மிலி தண்ணீர், மேலே 90 மிலி பெட்ரோல். மூடிக் குலுக்கி, மூடியைத் தளர்த்தி ஆவியை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். கீழ் அடுக்கின் கோடு 10-ல் இருந்து 19-க்கு வந்திருந்தால் 10 சதவீதம். 28-க்கு அருகில் வந்திருந்தால் 20.

இப்படித் தண்ணீர் விட்டு எத்தனாலைப் பிரித்து, மேலே நிற்கும் பெட்ரோலை மட்டும் எடுத்து ஊற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். எத்தனால் தரும் ஆக்டேனைக் கணக்கில் வைத்துத்தான் அந்த பெட்ரோலைச் சுத்திகரிக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஆக்டேன் குறைந்தது, சூட்டில் தட்டும். மிச்ச ஈரமும் அதிலேயே நிற்கும்.

அதே குழாயில் பார்த்த அந்தப் பிரிவு கேனுக்குள் நடந்தால்தான் எஞ்சின் சாகிறது. ஆனி ஆடி மழையில் மூடி சரியில்லாத கேன் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரளவு வரை எத்தனால் அந்த ஈரத்தைத் தாங்கும், தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். நாம் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க்கில் பெட்ரோல் ஃபில்டர் இருப்பது அடியில். முதலில் உறிஞ்சப்படுவது ஆயிலே இல்லாத அந்தக் கீழ் அடுக்கு. கேன் அடியில் கலங்கலாக ஒரு கோடு தெரிந்தால் குலுக்கி ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த பெட்ரோல் மொத்தமும் வேண்டாம்.

பெட்டிக்கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் பழக்கம் தோட்ட வேலையில் சாதாரணம். வெயில் படும், மூடி நெகிழும், பாதி காலியான பாட்டில் இரவும் பகலும் ஈரக்காற்றை உள்ளே இழுத்து வெளியே விடும். இரும்பு ஜெர்ரி கேன் அல்லது பெட்ரோலுக்கென்று வரும் தடித்த கேன், கழுத்து வரை நிரப்பி, நிழலில். இரண்டு வாரத்துக்குள் தீரும் அளவே கலப்பது நல்லது.

ஆயில் எது, எவ்வளவு

ஸ்டில் கையேடு சொல்வது இது: அவர்களுடைய ஆயில் என்றால் 1:50, வேறு நல்ல ஏர்-கூல்ட் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 1:25. ஒரு லிட்டருக்கு 20 மிலி அல்லது 40 மிலி. ஐந்து லிட்டருக்கு 100 அல்லது 200. மூடியால் அளக்காதீர்கள், மருந்துக்கடையில் 50 மிலி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக் கேனோடு கட்டிவையுங்கள். முதலில் பாதி பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கி, மிச்ச பெட்ரோல், மறுபடி குலுக்கல். டேங்க்கில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் குலுக்கல்.

ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரம்) எஃப்டி அல்லது குறைந்தது எஃப்சி என்ற குறியைத் தேடுங்கள். நம் கடற்கரையில் வேறொரு ஆபத்து உண்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளங்களின் அவுட்போர்ட் எஞ்சினுக்கு விற்கும் ஆயிலில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும். தரமான ஆயில்தான், அவுட்போர்டுக்கு. அந்த எஞ்சினைக் கடல்நீர் குளிர்விக்கிறது, சிலிண்டர் சூடு குறைவு. காற்றால் குளிரும் செயின்சாவின் சூட்டில் அது தாங்காமல் ரிங் பள்ளத்தில் பிசினாகிவிடும். இந்த மெஷினின் பழைய ரிங்கை விடுவிக்க எடுத்த நேரத்தைப் பார்த்தால், பள்ளத்தில் இருந்தது அப்படியொரு பழுப்புப் பிசின்தான். உடைந்த பழைய ரிங் துண்டைக் கூராக்கிச் சுரண்டினாலும் கரிபோல உதிராமல் இழுபட்டது. பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயிலும் கூடாது, எரிந்தால் சாம்பல்.

"கொஞ்சம் ஆயில் கூட ஊத்துங்க, பிடிக்காது" என்பது பட்டறைகளில் கேட்கும் வைத்தியம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், ஆயில் கூடினால் பெட்ரோல் குறைந்து லீன் ஆகும் என்று பயமுறுத்தும். இரண்டையும் அளந்து பாருங்கள். 1:50-ல் இருந்து 1:25-க்கு மாறினால் கலவையில் பெட்ரோலின் பங்கு 2 சதவீதம்கூடக் குறைவதில்லை. எத்தனால் செய்யும் 8 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆகவே பழைய மெஷினுக்கு 1:25 என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல ஆயில் என்றால் 1:40 வரை போகலாம். ஆனால் ஓட்டை சீலையும் விறைத்த டயஃப்ரத்தையும் எந்த ஆயிலும் சரிசெய்யாது. எந்த விகிதம் வைத்தாலும் அதையே வைத்துக்கொண்டு அதற்கு ஸ்குரூவைத் திருகுங்கள். வாரத்துக்கு ஒரு விகிதம் மாற்றாதீர்கள்.

திருகும் முறை

ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது மட்டும் ட்யூன் செய்யுங்கள். அழுக்கு ஃபில்டரோடு திருகினால், பிறகு ஃபில்டரைக் கழுவியதும் மெஷின் லீன் ஆகிவிடும். கார்பரேட்டரில் உள்ள எச் (உச்ச வேகம்), எல் (குறைந்த வேகம்) இரண்டு ஸ்குரூவையும் இறுக்காமல் மெல்ல மூடி, ஒரு சுற்று திறப்பது ஆரம்பப் புள்ளி. இ20-க்கு எச் ஸ்குரூவை அதற்கு மேலும் கால் சுற்று திறந்து தொடங்கினோம்.

ஐந்து நிமிடம் மிதமாக ஓடிச் சூடான பிறகு எல் ஸ்குரூ, ஐடில் சீராக, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தயங்காமல் ஏறும்படி. ஐடிலில் செயின் சுற்றக் கூடாது. பிறகு மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலேட்டர், மூன்று நான்கு விநாடிதான். அப்போது சத்தம் சுத்தமாக, கூர்மையாக இருந்தால் லீன். கொஞ்சம் தொண்டை கட்டியதுபோல, விட்டுவிட்டு வெடிப்பதுபோலக் கேட்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் சத்தம் என்பார்கள். அதே நிலையில் செயின் ஓடும் பார் மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். பாரைத் தூக்கினால் கரகரப்பு திரும்ப வர வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் எச் ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று மூடுங்கள். டாக்கோமீட்டர் இருந்தால் கையேட்டில் உள்ள உச்ச வேகத்தைத் தாண்டாமல் பாருங்கள். இந்த மெஷின் கடைசியில் நின்றது எச் ஒன்றேகால் சுற்றில். வேறு மெஷினுக்கு இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், காதை நம்புங்கள்.

புது ரிங் போட்ட முதல் மூன்று டேங்க் வரை சும்மா வைத்து அலறவிடக் கூடாது. சின்ன மரம், இடைவெளி விட்டு விட்டு. கனத்த வெட்டு முடிந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் அரை நிமிடம் ஐடிலில் விட்டால் ஃப்ளைவீல் காற்று சிலிண்டரைக் குளிர்விக்கும்.

மரமும் செயினும்

எஞ்சின் கெடுவதில் செயினுக்கும் பங்கு உண்டு. தென்னையின் அடிப்பகுதி, வெளிச்சுற்று, கல் மாதிரி. அதை அறுத்த அதே செயினோடு அடுத்து அயினியிலோ புளியிலோ இறங்கினால் சீவல் வராது, மாவு வரும். மாவு வந்தால் அறுப்பவர் தன் எடையையும் சேர்த்து அழுத்துவார், எஞ்சின் வேகம் விழும், ஃப்ளைவீல் ஊதும் காற்றும் அதோடு விழும், சூடு ஏறும். சீவல் நின்ற உடனே அரம் எடுங்கள். பல்லுக்கு முன்னால் உள்ள டெப்த் கேஜையும் பாருங்கள்.

ரப்பர் மரத்தின் தூள் பாலோடு சேர்ந்து ஒட்டும். சிலிண்டர் ஃபின்களின் நடுவில் ஆயிலோடு பிசைந்து இறுகி, கம்பளி போர்த்தியதுபோல மூடிவிடும். இந்த மெஷினின் மேல் மூடியைக் கழற்றியபோது எக்சாஸ்ட் பக்கத்து ஃபின் இடைவெளிகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் அடைத்திருந்தது. மூங்கில் குச்சியால் கிளறி, டீசல் தடவிய பிரஷால் கழுவி, காற்றடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை போதும், தினம் ரப்பர் அறுத்தால் இரண்டு முறை.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றுவதை விடுங்கள். அதில் இரும்புத்துகள் இருக்கும், ஆயில் பம்பைத் தேய்க்கும், பாரில் ஒட்டி நிற்காமல் தெறிக்கும். உலர்ந்த பாரில் ஓடும் செயின் எஞ்சினுக்குக் கூடுதல் பாரம். தவிர அது தெறிப்பது நம் கையிலும் முகத்திலும், உடம்புக்கு நல்லதல்ல.

மழைக்காலத்தில் வைப்பது

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. வேலை இல்லாத மாதங்களில்தான் மெஷின் கெடுகிறது. டேங்க்கை வடித்து, ஐடிலில் தானாக நிற்கும் வரை ஓட்டி, சோக் போட்டு இன்னொருமுறை இழுத்து மிச்சத்தையும் தீர்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல ஆறேழு முறை இழுத்து, பிஸ்டன் மேலே இறுகும் இடத்தில் நிறுத்தினால் எக்சாஸ்ட் வாய் மூடியிருக்கும், ஈரக்காற்று சுவரைத் தொடாது. மாதம் ஒருமுறை கயிற்றை நாலு முறை இழுத்து அதே இடத்தில் நிறுத்துங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் மூலையில்தான் பலரும் வைக்கிறார்கள். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா, கார்பரேட்டரின் பித்தளை ஜெட்டைத் தின்னும். பெட்ரோல் வாடையுள்ள மெஷினைப் புகைக்கூட்டின் பக்கத்தில் வைப்பது நெருப்பை அழைப்பது. வீட்டுத் திண்ணையின் உலர்ந்த மூலையே போதும், சாக்கு போட்டு மூடி, தரையில் படாமல் பலகை மேல்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்கு மறுநாள் ரோட்டில் கிடந்த மரங்களை அறுக்க ஊரில் இருந்த எல்லா மெஷினும் வெளியே வர வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் முன்னறிவிப்போடு வராது. வடிக்காமல் வைத்த மெஷின் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் பழைய பெட்ரோலில் நாள் முழுக்க ஓடினால் பிஸ்டன் மிஞ்சாது.

இந்த 070 மாட்டி முடித்த அன்று கம்ப்ரஷன் 135 பிஎஸ்ஐ. மூன்று டேங்க் கழித்து ரிங் படிந்து 145. பத்து டேங்க் முடிந்ததும் சைலன்சரை மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. எக்சாஸ்ட் பக்கத்து பிஸ்டன் சுவரில் எந்திரத்தில் கடைந்த மெல்லிய கோடுகள் அப்படியே தெரிகின்றன, மேலே ஈரமான ஆயில் பளபளப்பு. எக்சாஸ்ட் வாய் வழியே தீக்குச்சியால் ரிங்கை அழுத்தினால் உள்ளே போய்த் துள்ளி வெளியே வருகிறது. அடுத்த பார்வை ஐம்பது டேங்க்கில்.